கணக்குக்கு மேலே ஒரு சத்தம்

"போகட்டுமா?" என்று அண்ணி கேட்டார்.

என்னிடம் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைப் பார்த்துக் கேட்டார். பெட்டிக்கு மேலே சுவரில் என் அண்ணன் மாணிக்கத்தின் படம் தொங்கியது. படத்து மாலை காய்ந்து சருகாகியிருந்தது.

மத்தியானம்தான். ஆனால் மழை கூடிக்கொண்டு வந்ததில் வீட்டுக்குள் விளக்கு போட வேண்டியிருந்தது. வெளியே செம்பனை மரங்கள் ஓர் இலைகூட அசையாமல் நின்றன. அண்ணியின் காலில் சுற்றியிருந்த துணியிலிருந்து மருந்து வாடை வந்தது. அந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் வந்தது. எனக்குப் பயமே அந்த இரண்டாவது வாடைதான்.

வாசலில் அண்ணியின் மகள் தேவி காடியின் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலத்துக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அண்ணி பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியா மல்லிகா, உங்கண்ணன் இன்னும் சொல்லல," என்றார் அண்ணி.

பெட்டியின் பக்கவாட்டில், என் கை எட்டும் இடத்தில், ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பாழாய்ப்போன பெட்டி அண்ணி வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

பிணம் இல்லாத குழிகள்

சிரம்பான் ராசாவில் நாங்கள் குடியிருந்த காலத்தைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதும், ஒரு வாசகர் போன் போட்டார். "எல்லாம் சரிங்கம்மா, ஃபிசிக்ஸ் படிச்சு அப்படி என்னதான் செஞ்சீங்க? அத மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்களே?" என்றார். என் அம்மாவும் சாகிறவரை இதையேதான் கேட்டார். இருவருக்கும் சேர்த்து இப்போது சொல்லிவிடுகிறேன்.

வானத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பயங்கர வேகத்தில் ஒரு துகள் வரும். நம் தலைக்கு வெகு உயரத்தில் காற்றில் மோதும். மோதி உடையும். உடைந்தவை மறுபடி மோதும். கடைசியில் கோடிக்கணக்கான துகள்கள் மழைபோலத் தரையில் இறங்கும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் உங்கள் மேல் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. வலிக்காது. பெரும்பாலானவை மேல்மண்ணோடு நின்றுவிடும். மியூவான் என்று ஒரு வகை மட்டும் கூரை, உடம்பு, மண் எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு கீழே போகும்.

அந்த மியூவான்களை எண்ணுவதுதான் எங்கள் குழுவின் வேலை. எண்ண விசாலமான இடம் வேண்டும். கோலா சாவா பக்கம் அண்ணன் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக வேலை பார்த்த செம்பனைத் தோட்டத்தில் எனக்கு ஆட்கள் பழக்கம். நிர்வாகமும் சரி என்றது.

நான்கு இடத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளை வைத்தோம். துகள் மழை விழுந்தால் தொட்டிக்குள் தண்ணீர் லேசாக மின்னும். ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு குழி. குழியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பலகையை வைத்து மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். மற்றத் துகள்களை மேலே உள்ள மண் நிறுத்திவிடும். பலகையைத் தொடுவது மியூவான் மட்டும்தான். துளி வெளிச்சம் பட்டாலும் பலகை கெட்டுப்போகும் என்பதால், அதைக் கறுப்புத் தாளில் சுற்றிக் கட்டியிருந்தோம்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குத்தான் அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. ஆள் நீளத்துக்கு ஒரு குழி, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். கறுப்பாகச் சுற்றிய ஒன்றைக் கயிறு கட்டி நாலுபேர் மெதுவாக இறக்குகிறார்கள்.

முதல் பலகை அடியில் உட்கார்ந்ததும் தோட்டத்து ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளே போட்டார். அடுத்தவரும் போட்டார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வரிசையாக வந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். எனக்கும் சும்மா நிற்கக் கூசியது. நானும் ஒரு பிடி எடுத்துப் போட்டேன்.

அதில் மூத்தவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "யாருக்கும்மா இது?"

"யாருக்கும் இல்லண்ணே. வானத்துல இருந்து வர்றத எண்ணுறதுக்கு."

"வானத்துல இருந்து வர்றத எண்ணுறதுக்கு எதுக்கும்மா மண்ணுக்குள்ள வைக்கிறீங்க?"

விளக்கினேன். அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள்கூட வராது. சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான்காவது குழி தோட்டத்து இடுகாட்டு வேலியை ஒட்டி அமைந்தது. ஆசைப்பட்டு அங்கே வெட்டவில்லை. தொட்டிகளுக்கு நடுவே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கு அங்கே கொண்டுபோய் விட்டது. வேலிக்கு உள்ளேதான் அண்ணனைப் புதைத்திருந்தோம்.

கிராணி வீட்டுப் பிள்ளை

இந்த வேலையில் எனக்குத் துணை ஜெயசீலன். சிரம்பானில் பிறந்து வளர்ந்தவன், யாழ்ப்பாணத்து வம்சம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவன் தாத்தா ஒரு தோட்டத்தில் ஆட்களின் பேர் பதியும் கிராணி. என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்.

"உங்க தாத்தா பேர் கூப்பிட, எங்க தாத்தா கையத் தூக்கி நின்னிருப்பாரு சீலன்," என்று அவனைச் சீண்டுவேன்.

"இப்ப நான்தானே உங்களுக்கு யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்னு கையத் தூக்குறேன். சரியாப் போச்சு லா," என்பான்.

தாத்தாவின் ரத்தம் அவன் உடம்பில் அப்படியே ஓடியது. எந்தச் சாமானும் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். செய்து முடித்த வேலைக்குத் தடயம் இருக்கக் கூடாது. கருவிகள் எல்லாம் அவன் பொறுப்பு.

அந்தச் சிவப்புப் பொத்தானும் அவன் வைத்ததுதான். அமுக்கினால் எல்லாத் தொட்டிகளுக்குள்ளும் பலகைகளுக்குள்ளும் ஒரு குட்டி விளக்கு ஒரே சமயத்தில் மின்னும். துகள் மழை விழுந்துவிட்டது என்று பெட்டி ஏமாந்துவிடும். கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இப்படி எப்போதாவது ஒரு பொய் மழையை விடுவோம். விட்டால் உடனே, இது பொய் என்று குறித்துவிட வேண்டும். பொய்யை உண்மையோடு கலந்தவனை எங்கள் தொழிலில் பக்கத்தில்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

தொட்டிகளின் வயர் எல்லாம் வந்து சேரும் பெட்டியை வைக்க ஒரு வீடு தேவைப்பட்டது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் முக்கால்வாசி வீடுகள் காலி. ஜனங்கள் சிரம்பானுக்கும் மந்தினுக்கும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. சில வீடுகளில் கதவு இல்லை. சில வீடுகளில் கதவு மட்டும் இருந்தது. கடைசி வீட்டில் மட்டும் கரண்டும் இருந்தது, ஆளும் இருந்தார். அவர்தான் பாக்கியம் அண்ணி.

"வச்சுக்க. எனக்கும் வீட்டுல ஒரு சத்தம் இருந்த மாதிரி இருக்கும்," என்றார்.

சத்தம் இருந்தது. தொட்டிகள் சேர்ந்து மின்னும்போதெல்லாம் பெட்டி ஒலி எழுப்பும்படி சீலன் ஒரு சின்ன ஒலிப்பானைப் பொருத்தியிருந்தான். எந்தக் கடையில் பொறுக்கினானோ தெரியாது. 'ட்ச்' என்று அடிக்கும். சுவரில் பல்லி கத்துவதுபோல அச்சு அசலாக இருக்கும்.

பல்லி சொல்லுது

நம் வீடுகளில் ஒருவர் ஏதாவது சொல்லி வாய் மூடுவதற்குள் பல்லி கத்தினால் என்ன செய்வோம்? "பாரு, பல்லி சொல்லுது," என்று விரலால் தரையைத் தட்டுவோம். சொன்னது மெய் என்று அர்த்தம். நான் டாக்டர் பட்டம் வாங்கியவள்தான், இப்போதும் என் விரல் தானாகத் தட்டும்.

ஒருநாள் அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு உங்கண்ணன் வெறும் வயித்தோட போயிருக்க மாட்டாரு. நான் மூடி வச்ச ரொட்டியத் தின்னுட்டுத்தான் போயிருப்பாரு," என்றார்.

'ட்ச்.'

அண்ணி வெங்காயத்தைக் கீழே வைத்தார். மேசையை விரலால் தட்டினார். அவர் கண் அண்ணன் படத்துக்குப் போனது.

"அண்ணி, அது பெட்டி," என்றேன்.

"தெரியும்டி. ஆனா சொல்லுச்சில்ல?"

'அன்னைக்கு' என்று அவர் சொன்னது அண்ணன் இறந்த நாளை. முதல்நாள் கோலா சாவா கடையிலிருந்து தேங்காய் வாங்கிவர அண்ணன் மறந்துவிட்டார். அதற்கு ஒரு சண்டை. ஆமாம், ஒரு தேங்காய்க்கு. மறுநாள் காலையில் அண்ணன் மோட்டாரை முடுக்கிவிட்டு வாசலிலிருந்து, "வரட்டா பாக்கியம்?" என்று கேட்டார். அண்ணி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. அண்ணன் கொஞ்சம் நின்று, மறுபடியும், "வரட்டா?" என்றார். அண்ணி அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் ஆட்கள் போய்ப் பார்த்தபோது ஒரு செம்பனை மரத்தில் முதுகைச் சாய்த்து, சாப்பிட உட்கார்ந்தவர்போல இருந்தாராம். நெஞ்சுவலி.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'வரட்டா' என்றால், 'சரி, பாத்து வாங்க' என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதுதான் அண்ணியைத் தின்றது. அழுது தீர்த்திருந்தாலாவது பரவாயில்லை. அவர் அழவும் இல்லை.

அதனால் பெட்டியோடு பேச ஆரம்பித்தார். முதலில் சில்லறைக் கேள்விகள். மழை வருமா, தேவி இந்த வாரம் வருவாளா. பெட்டி ஒரு மணி நேரத்தில் ஏதோ ஓரிரு முறைதான் கத்தும், அதுவும் இஷ்டப்பட்டபோது. எப்போதாவது கேள்வியை ஒட்டி வந்து விழும். விழுந்ததை மனசு வைத்துக்கொள்ளும், விழாததை மறந்துவிடும் என்று அண்ணிக்கு எடுத்துச் சொன்னேன்.

"சரி சரி," என்றார். நான் சமையல்கட்டுக்குப் போனதும் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்டது. பேசிவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளிகளில் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மேல வர்றது யாரு

ஒரு சாயங்காலம் அண்ணி எனக்குப் பால் இல்லாத தே-ஓ கலக்கிக்கொண்டே கேட்டார். "எல்லாத்தையும் எண்ணி என்னடி செய்யப் போறே?"

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் பெரிய வட்டமாகச் சுரங்கம் வெட்டி, அதற்குள் துகள்களை ஓடவிட்டு நேருக்கு நேர் மோத வைக்கிறார்கள். சிதறுவதை அளக்கிறார்கள். அந்த அளவுகளை வைத்து, துகள்கள் மோதினால் என்னென்ன பிறக்கும் என்று கணினியில் ஒரு கணக்கு எழுதுகிறோம். அதே கணக்கை வானத்துக்குப் போட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட மழைக்கு இத்தனை மியூவான் வர வேண்டும் என்று சொல்லும்.

ஆனால் இரண்டு பக்கமும் குறை. அந்த எந்திரத்தில் எதை மோதவிட்டோம் என்று நமக்குத் தெரியும். ஆனால் நேராக முன்னால் பாய்கிறவை குழாய்க்குள்ளேயே ஓடி மறைந்துவிடும், அவற்றைப் பிடிப்பது பெரும்பாடு. வானத்து மழையைப் பெருக்குவதே அந்த முன்னால் பாய்கிறவைதான். வானத்தில் இதற்குத் தலைகீழ். வந்து விழுந்தது கைக்குக் கிடைக்கும், எது முதலில் வந்து மோதியது என்று தெரியாது. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கைத் திருத்த வேண்டும். காற்றில் இருப்பதுதானே என்று அண்மையில் அந்த எந்திரத்தில் ஆக்சிஜனையும் மோதவிட்டார்கள். அந்த அளவையும் சேர்த்து நாங்கள் திருத்தினோம். இடைவெளி கொஞ்சம் குறைந்தது. அடைபடவில்லை.

அண்ணி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப உங்க கணக்கும் வர்றதும் ஒண்ணா இருக்குதா?" என்றார்.

"இல்லண்ணி. பெரிய மழையில கணக்குக்கு மேலயே வருது. நாங்க மட்டும் இல்ல, மத்த நாட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்க."

"மேல வர்றது யாரு?"

யாரு என்று கேட்டார். எது என்று கேட்கவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் பெரிய மேதாவிபோல உள்ளதைச் சொன்னேன். "தெரியாதுண்ணி. யாருக்குமே தெரியாது."

எங்கள் கூட்டத்தில் 'தெரியாது' என்பது கௌரவமான சொல். மேடையில் நின்று சொன்னால் கை தட்டுவார்கள். புருஷனிடம் ஒரு சொல் பாக்கி வைத்திருக்கும் பெண்ணிடம், அதுவும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல எங்களைப் போன்ற ஜென்மங்களால்தான் முடியும்.

அண்ணியின் முகம் மலர்ந்தது. பல வருடங்களாக நான் பார்க்காத முகம்.

கால்

அண்ணிக்கு இனிப்புநீர் வியாதி பல வருடமாக இருந்தது. கீழே உதிர்ந்த பழம் பொறுக்கப் போனபோது செம்பனை மட்டையின் முள் காலில் ஏறியிருக்கிறது. வலி தெரியவில்லை, வீட்டில் சொல்லவும் இல்லை. தேவி பார்க்கும்போது இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நேராகவே சொன்னார். இப்போது வந்தால் விரல்களோடு போகும். தள்ளிப்போட்டால் முழங்கால்வரை எடுக்க வேண்டிவரும், அதற்கும் மேலே தள்ளினால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றார்.

"அவரு சொல்லட்டும், போறேன்," என்றார் அண்ணி. "அன்னைக்கு அவரு கேட்டாரு, நான் பதில் சொல்லல. இன்னைக்கு நான் கேக்குறேன். அவரு சொல்லாம வாசப்படி தாண்ட மாட்டேன்."

தேவி எனக்குப் போன் செய்து கத்தினாள். "அத்தே, அந்தப் பேய்ப் பெட்டியக் கொண்டாந்து வச்சது நீங்க. நீங்களே வந்து பேசுங்க!" பிறகு அழுதாள். "அப்பாவத்தான் திடீர்னு விட்டுட்டோம். அம்மாவக் கண் முன்னாலயே விடச் சொல்றீங்களா?"

போனேன். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று அண்ணியை மிரட்டினேன்.

"தாராளமா எடுத்துட்டுப் போ," என்றார். "நான் குழிக்கிட்டப் போய் உக்காந்து கேட்டுக்குவேன்."

வெறும் பேச்சு என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எதற்கும் பார்ப்போமே என்று நான்காவது குழிக்குப் போனேன். மரங்களுக்குள் வெளிச்சம் பச்சையாகத் தேங்கியிருந்தது. மூடிய மண்ணின்மேல் ஒரு தட்டில் வாழைப்பழமும் அணைந்த சூடமும் இருந்தன. பக்கத்தில் யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த தடம். அங்கிருந்து லயத்துப் பக்கம் போன ஈர மண்ணில் ஒரு கால் பதிந்திருந்தது, மறுகால் இழுபட்டிருந்தது.

என் காலடியில் ஆள் ஆழத்துக்குக் கீழே அந்தப் பலகை எண்ணிக்கொண்டிருந்தது. நான் நிற்கும்போதே என்னைத் துளைத்துப் போகிறவற்றையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தது. அதுவரை எனக்கு அது அறிவியலாகத்தான் தெரிந்தது. அன்று அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஓட்டமும் நடையுமாகக் காடிக்கு வந்தேன்.

ட்ச்

இப்போது அந்த மத்தியானத்துக்குத் திரும்புகிறேன். தேவி கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சி, துணிப்பையையும் காடியில் ஏற்றிவிட்டாள். அண்ணி சேலை மாற்றிக்கொண்டு தயாராகத்தான் நாற்காலியில் இருந்தார். உத்தரவுக்காகக் காத்திருந்தார்.

"போகட்டுமாங்க?" என்று இரண்டாம் முறை கேட்டார்.

எங்கோ இடி உருண்டது. தேவி வாசல்படியில் வந்து நின்று என்னையே பார்த்தாள். அண்ணி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வேலையில் ஒருநாளும் யாரையும் ஏமாற்ற நான் பொய் மழை விட்டதில்லை. நாசமாய்ப் போகட்டும் என்று கையைப் பக்கவாட்டில் நீட்டி அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

'ட்ச்.'

அண்ணி கொஞ்ச நேரம் கழித்து விரலால் மேசையைத் தட்டினார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"வா, போலாம்," என்றார்.

மழை அப்போதுதான் கொட்டத் தொடங்கியது. மறுநாள் காலையில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. இரண்டு விரல்கள்தான் போயின. கால் பிழைத்தது, அண்ணி பிழைத்தார். தேவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அன்று மத்தியானம் அண்ணிக்கு இன்னும் இரண்டு சேலை எடுத்து வரலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கடமை ஞாபகம் வந்தது. பொய்யைப் பொய் என்று சொல்லிவிட வேண்டுமே. சீலனுக்குப் போன் போட்டேன்.

"சீலன், நேத்து மத்தியானம் மழைக்குக் கொஞ்சம் முன்ன ஒண்ணு வந்திருக்கும். அது டெஸ்ட். நான்தான் பொத்தான அமுக்குனேன். எடுத்துடு."

"எப்படி அமுக்குனீங்க டாக்டர்? வயர நான் கழட்டிட்டேனே."

"எந்த வயர்?"

"பொத்தான்ல இருந்து பெட்டிக்குப் பின்னால போற வயர். போன டெஸ்ட் முடிஞ்சதும் கழட்டிட்டேன் லா. எப்பவும் கழட்டிடுவேனே, யாராச்சும் கை பட்டு அமுக்கிடக் கூடாதுன்னு. அலமாரி மேல பிஸ்கட் டின்ல வச்சிருக்கேன், பாருங்க."

அலமாரிமேல் டின் இருந்தது. திறந்தேன். ஒரு சாண் நீள வயர், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி, கிராணி வீட்டுப் பிள்ளை வைத்தது வைத்தபடி இருந்தது. பெட்டியைச் சுவரிலிருந்து திருப்பிப் பார்த்தேன். வயர் சொருகும் ஓட்டையில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அறுபடாத வலை.

"இருக்குதா டாக்டர்?"

"இருக்கு."

"அப்ப அது நிஜம்தான். நான் காலையிலயே பாத்துட்டேன், சொல்லணும்னு இருந்தேன். நாம பிடிச்சதுலயே பெரிசு. கணக்குக்கு ரொம்ப மேல. நாலாவது குழியிலதான் அதிகமா இருக்கு."

"மழையோட நடு அந்தப் பக்கம் விழுந்திருக்கும்," என்றேன்.

"ஆமா, அப்படித்தான் இருக்கும்." அப்புறம், "நீங்க எதுக்கு டாக்டர் பொத்தான அமுக்குனீங்க?" என்றான்.

பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். விதிப்படி அது உண்மையான மழை. எடுத்தெறிய எனக்கு உரிமையில்லை. இன்றைக்கும் எங்கள் கணக்கில் இருக்கிறது. தற்செயல் என்று ஒன்று உண்டு, அதைத்தான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். அன்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வாயால் சொல்லவில்லை. அந்த அறையில் அண்ணன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு எதையாவது சொல்லிவிடுவேனோ, சொன்னதும் பதில் வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சேலைகளை எடுத்தேன். கதவைச் சாத்தும்போதுகூட 'வர்றேன்' என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தேவி கேண்டீனுக்குப் போயிருந்தாள். நான் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தேன். பிஸ்கட் டின்னை எடுத்துக் காட்டலாம் என்று கையோடு கொண்டுவந்திருந்தேன். சேலைகளுக்கு அடியில் இருந்தது.

அண்ணி முந்திக்கொண்டார். "நீ பட்டன அமுக்குனத நான் பாத்தேன்டி."

"அண்ணி?"

"படத்துக் கண்ணாடியில தெரிஞ்சுச்சு. உன் கை போறது."

"அப்புறம் எப்படி எந்திரிச்சு வந்தீங்க?"

"பின்ன? 'தெரியாது'ன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொன்னவ நீ. செத்தாலும் பொய் சொல்ல மாட்டே. அப்படிப்பட்டவ எனக்காகத் திருட்டுத்தனமா கைய நீட்டுறா. அப்ப நான் நெசமாவே சாகப் போறேன் போலன்னு தோணுச்சு. பயந்துட்டேன்." சிரித்தார். உடனே கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் போன பிறகு அவர் அழுததை முதல்முறையாகப் பார்த்தேன். "அவரு எங்கடி பேசப் போறாரு. நான்தான் பைத்தியக்காரி மாதிரி அந்தப் பெட்டிக்கிட்டக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். அத எடுத்துட்டுப் போயிரு மல்லிகா. நான் தேவி வீட்டுக்கே போயிடுறேன், மந்தினுக்கு."

என் கை பைக்குள் டின்னின் மேல் இருந்தது. ஜில்லென்றிருந்தது.

"நீதானே அமுக்குனே?" என்றார் அண்ணி. என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார். கஞ்சிக் கரண்டி பாதியில் நின்றது.

கையை வெளியே எடுத்தேன்.

"ஆமாண்ணி," என்றேன். "நான்தான் அமுக்குனேன்."